கோழிக்கறியின் சத்து யாருக்குப் போய்ச் சேருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், நம் ஊரில் அதிகம் பேருக்கு எட்டும் அசைவப் புரதம் கோழிதான். ஆனால் அதைச் சுற்றிச் சந்தேகங்களும் வதந்திகளும் நிறைய. வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கோழிக்கறியில் அப்படி என்னதான் சத்து இருக்கிறது?

முதலில் புரதம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராம், அதாவது வெந்த பிறகு எடை போட்டால் 100 கிராம், சுமார் 31 கிராம் புரதம் தரும். கொழுப்பு மூன்றரை கிராம்தான் இருக்கும், கலோரி 165 வரும். தொடைக்கறியில் புரதம் 25 கிராம் அளவில் இருக்கும், கொழுப்பு 8 முதல் 11 கிராம் வரை போகும். மாவுச்சத்து இரண்டிலுமே இல்லை என்றே சொல்லலாம்.

அளவைவிட முக்கியம் புரதத்தின் தரம். உடம்பால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவை எல்லாமே கோழியில் போதிய அளவு இருக்கின்றன. நம் தட்டில் பெரும்பகுதி அரிசி. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, கோழியில் அது தாராளம். சோற்றோடு நாலு துண்டு கறி சேரும்போது சோற்றில் இருக்கும் புரதத்தையும் உடம்பு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

புரதத்துக்கு அப்புறம் நியாசின் என்ற பி3 வைட்டமின். 100 கிராம் வெந்த நெஞ்சுக்கறியில் கிட்டத்தட்ட 13 மில்லிகிராம் இருக்கிறது. அநேகமாக ஒரு நாள் தேவையே அவ்வளவுதான். பி6, பாஸ்பரஸ், செலினியம் ஆகியவையும் கணிசமாக உண்டு. துத்தநாகமும் இரும்பும் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் கூடுதல்.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். கோழியில் நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை, கால்சியம் மிகக் குறைவு. அசைவம் என்றால் பி12 நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 0.3 மைக்ரோகிராம்தான் தேறும். நமக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் தேவை. அதற்கு ஈரல், முட்டை, மீன், பால் பக்கம் போக வேண்டும்.

எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேல் 22 கிராம் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கும் கூடுதல் தேவை உண்டு.

இப்போது நம் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு இட்லியில் 2 கிராம் புரதம் இருக்கும். 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். காலை இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று போகும் நாளில் 46 கிராமைத் தொடுவது சிரமம். அந்த நாளில் எலும்பில்லாமல் 75 கிராம் வெந்த கறி சேர்ந்தால் பாதித் தேவை அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு கிலோ கோழி வாங்கினால் எவ்வளவு புரதம் கிடைக்கும்?

எந்த ஒரு கிலோ என்பதைப் பொறுத்தது. கடையில் உயிர் எடைக்குப் போடுகிறார்களா, கறி எடைக்கா என்று முதலில் கேளுங்கள். ஒரு கிலோ உயிர்க்கோழியில் இறகு, தலை, கால், குடல், தோல் எல்லாம் போனால் கறியாகக் கைக்கு வருவது 600 முதல் 650 கிராம்.

தோல் உரித்த கறியாகவே ஒரு கிலோ வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எலும்பு ஏறத்தாழ 300 கிராம். மீதி 700 கிராம் சதையில் 140 கிராம் புரதம் இருக்கும். வெந்ததும் தண்ணீர் வெளியேறி அந்த 700 கிராம், 500 கிராமாகச் சுருங்கும், ஆனால் புரதம் குறையாது. பச்சைக்கறிக்கு ஒரு கணக்கும் வெந்த கறிக்கு வேறு கணக்கும் இணையத்தில் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விளக்கம் இதுதான். நாலு பேர் இருக்கும் வீட்டில் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 35 கிராம் புரதம். "சமமாக" என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கறித்துண்டு கிடைக்காவிட்டாலும் குழம்பிலேயே சத்து இறங்கியிருக்குமே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கறி சூடானதும் அதன் புரதம் இறுகி உறைந்து துண்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குழம்புக்குள் இறங்குபவை கொழுப்பு, உப்பு, மணம், பி வைட்டமின்களில் ஒரு பகுதி, கொஞ்சம் தாது உப்புகள். எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் ஜெலட்டின் கரையும். அதுவும் புரதம்தான், ஆனால் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. அதனால் தசை வளர்ச்சிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சோற்றில் ரெண்டு கரண்டி கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினால், குழந்தை சாப்பிட்டது பெரும்பாலும் சோறும் எண்ணெயும்தான். துண்டைப் பிய்த்து, நார் நாராக உதிர்த்து, சோற்றோடு பிசைய வேண்டும்.

பல வீடுகளில் இன்றும் பரிமாறும் வரிசை மாறவில்லை. லெக் பீஸ் பையனுக்கு, நல்ல துண்டுகள் வீட்டு ஆண்களுக்கு, கடைசியில் சட்டியில் மிஞ்சும் கழுத்தும் முதுகெலும்பும் அடிக்குழம்பும் சமைத்தவளுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இதற்குக் காரணங்கள் பல, கோழித்துண்டு மட்டும் காரணமில்லை. ஆனால் மாதவிடாயில் இரும்பை இழப்பவளும், பிள்ளை பெற்றுப் பால் கொடுப்பவளும் கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிடுவது எந்த ஊட்டச்சத்துக் கணக்கிலும் நியாயமில்லை. சமையல் முடிந்ததும் அவளுடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டால் போதாதா?

கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோலப் புரதத்தைச் சேமிக்க உடம்பில் தனி இடம் கிடையாது. ஞாயிறு மதியம் அரைக்கிலோ கறி சாப்பிட்டால் அன்றைய தேவைக்கு மேல் இருப்பதை உடம்பு எரிபொருளாக எரித்துவிடும், இல்லை கொழுப்பாக மாற்றிக்கொள்ளும். புதன்கிழமைக்கு அது மிஞ்சாது.

அதே பணத்தில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 250 கிராம் கறி வாங்கிப் பருப்போடும் காய்கறியோடும் சமைப்பது மேல் என்பது என் கருத்து. கோழி இல்லாத நாட்களில் முட்டை, பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, மீன் என்று சுழற்றிக்கொள்ளலாம். விருந்துச் சாப்பாட்டை விடச் சொல்லவில்லை. வாரம் முழுவதற்குமான புரதத்துக்கு அந்த ஒரு வேளையை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரத்தசோகைக்குக் கோழி உதவுமா?

கோழிச் சதையில் இரும்பு 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் அளவுதான். ஆட்டுக்கறியில் இதைவிட நன்றாகவே கூடுதல். ஆனாலும் கோழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதனோடு சேர்த்துச் சாப்பிடும் கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றில் இருக்கும் இரும்பை உடம்பு அதிகமாக உறிஞ்ச அது உதவுகிறது. கீரைப் பொரியலும் கோழி வறுவலும் ஒரே தட்டில் இருப்பது நல்ல சேர்க்கை. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரி. ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

இரும்புக்கு உண்மையான பதில் ஈரல். பச்சை எடையில் 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு, 16 மைக்ரோகிராம் பி12, கூடவே ஏராளமான ஃபோலேட். விலையும் குறைவு. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் பிடிக்காதவர்கள் குறைவு. வாரம் ஒருமுறை 50 கிராம் போதும். அதற்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம் வைட்டமின் ஏ. 100 கிராம் ஈரலில் அது 3000 மைக்ரோகிராமைத் தாண்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே அவ்வளவுதான். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குக் கெடுதல். அதனால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஈரல் சாப்பிட வேண்டாம். ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ஈரலை நம்பவும் கூடாது.

நாட்டுக்கோழியில்தான் சத்து, பிராய்லரில் ஒன்றுமில்லை என்கிறார்களே?

புரதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நாட்டுக்கோழி ஓடித் திரிந்து பல மாதங்கள் வளர்வதால் கொழுப்பு குறைவு, சதை இறுக்கம், சவ்வு அதிகம், ருசி ஆழமானது. சிறுவிடைக் கோழியின் ருசிக்குப் பழகியவர்களிடம் பிராய்லர் ருசியைப் பற்றி வாதாட முடியாது, அந்த விஷயத்தில் நானும் அவர்கள் கட்சி. சத்து என்று வந்தால் வித்தியாசம் விலையில் இருக்கும் அளவுக்கு இல்லை. இன்னொன்று, கடைகளில் நாட்டுக்கோழி என்று விற்பதில் கணிசமானவை வனராஜா, கிராமப்ரியா போலப் புழக்கடையில் வளர்ப்பதற்காக உருவாக்கிய ரகங்களாகவோ கலப்பினங்களாகவோ இருக்கலாம். அவையும் நல்ல கோழிகள்தான், விலையைத் தெரிந்து கொடுங்கள். குறைந்த பணத்தில் குழந்தைகளுக்குப் புரதம் தர வேண்டிய வீட்டில், பிராய்லர் என்பதற்காக மனக்குறைப்பட வேண்டியதில்லை.

மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத் கருங்கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இங்கேயும் பேச்சு அதிகமாகிவிட்டது. கொழுப்பு குறைந்த நல்ல கறி. சர்க்கரை நோய் முதல் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே 40 நாளில் வளர்க்கிறார்கள்?

இது பலரும் உறுதியாக நம்பும் விஷயம், ஆனால் உண்மையில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப் போகும். பலன் வேண்டுமென்றால் ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழிகள் நிற்கும். அப்படி ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது.

வேகமான வளர்ச்சிக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வு இனப்பெருக்கம். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வம்சங்களை ஒரே இடத்தில், ஒரே தீவனத்தில் வளர்த்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 56 நாளில் 1957 வம்சத்துக் கோழியின் எடை 905 கிராம். 1978 வம்சம் 1.8 கிலோ, 2005 வம்சம் 4.2 கிலோ. ஹார்மோன் எதுவும் கொடுக்காமலே இவ்வளவு வித்தியாசம். அதோடு மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சத்தான தீவனமும் சேர்கிறது. பண்ணையில் மருந்து கொடுப்பதைப் பார்த்தேன் என்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்தாக இருக்கும். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோ அதைக் கொடுப்பார்கள்.

பெண் குழந்தைகள் சீக்கிரம் பூப்பெய்துவதற்கும் பிராய்லரே காரணம் என்று சொல்லி, வளரும் பெண்ணின் தட்டிலிருந்து கறியை எடுத்துவிடுகிறார்கள். கோழியில் இல்லாத ஹார்மோனைக் காரணம் காட்டி அவளுடைய புரதத்தைப் பறிக்க வேண்டாம். சிறுவயதிலேயே கூடும் உடல் பருமனுக்கும் சீக்கிரப் பூப்புக்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது அதை.

அப்படியானால் ஆன்டிபயாடிக் பயமும் பொய்யா?

அது பொய்யில்லை. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசிக்கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. பண்ணைகளில் ஆன்டிபயாடிக்கை முறையில்லாமல் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும், அது ஊருக்கே ஆபத்து. நன்றாக வேகவைத்தால் அந்தக் கிருமிகள் சாகும், ஆனால் மருந்து எச்சம் முழுவதும் போகும் என்று சொல்ல முடியாது. இதை அரசின் கண்காணிப்பால்தான் சரிசெய்ய முடியும். ஹார்மோன் வதந்தியில் காட்டும் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பினால் பலன் இருக்கும்.

தோலோடு சாப்பிடலாமா? கொலஸ்ட்ரால் ஏறுமா?

தோலோடு சமைத்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 8 கிராம், தோல் இல்லாமல் அதில் பாதிக்கும் குறைவு. எடை குறைக்க நினைப்பவர்களும் இதய நோயாளிகளும் தோலைத் தவிர்க்கலாம். மெலிந்த குழந்தைக்கு அந்தக் கவலை வேண்டாம். பல நேரம் கோழியின் கொழுப்பைவிட நாம் ஊற்றும் எண்ணெயும் அரைத்துவிடும் தேங்காயும்தான் கூடுதல்.

கோழி உடம்புக்குச் சூடு என்கிறார்களே?

புரதம் செரிக்கும்போது மாவுச்சத்தைவிட அதிக வெப்பம் உண்டாவது உண்மை. கறிக்குழம்பில் மிளகு, மிளகாய், பட்டை எல்லாம் தாராளமாக இருக்கும், அன்று தண்ணீரும் குறைவாகக் குடிப்போம், காய்கறியும் இருக்காது. மறுநாள் மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் வந்தால் அதைச் சூடு என்கிறோம். காரத்தைக் குறைத்து, காயும் மோரும் சேர்த்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் சூட்டுக்குப் பயந்து கோழியை ஒதுக்க வேண்டியதில்லை, நன்றாக வெந்திருந்தால் போதும்.

சளிக்குக் கோழி சூப் நிஜமாகவே வேலை செய்யுமா?

ஓரளவு. 1978-இல் அமெரிக்காவின் மயாமியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்கில் சளி வேகமாக நகர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வக சோதனையில், வீக்கத்தை உண்டாக்கும் ரத்த அணுக்களின் நகர்வைச் சூப் குறைத்தது. காய்ச்சலில் சாப்பிட முடியாதவருக்குத் தண்ணீர், உப்பு, இதம் மூன்றும் கிடைக்கும் என்பதற்காகவே நாட்டுக்கோழி ரசம் கொடுக்கலாம். ரசத்தோடு சதையையும் உதிர்த்துப் போடுங்கள்.

குழந்தைக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதும் கொடுக்கலாம். இரும்பும் துத்தநாகமும் அதிகம் தேவைப்படும் வயது அது. எலும்பில்லாத தொடைக்கறியை மிருதுவாக வேகவைத்து, அரைத்து, பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் கலந்து தொடங்குங்கள். உப்பும் காரமும் வேண்டாம். சின்ன எலும்புத் துணுக்கு இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எப்படிச் சமைப்பது நல்லது?

குழம்பு, பிரட்டல், சூப், குக்கரில் வேகவைத்து மிளகு வறுவல். ஈரத்தோடு வேகும் முறைகளில் எலும்பை ஒட்டிய சதைவரை வெந்துவிடும், கருகாது. தீயில் கருகும்வரை சுடும்போது கெடுதலான வேதிப்பொருட்கள் உருவாகின்றன. தயிர், எலுமிச்சை, மசாலாவில் ஊறவைத்துச் சுட்டால் அவை குறையும். கருகிய இடத்தை வெட்டி எறியுங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வரும் சில்லியும் கபாபும் வேண்டாம். 2024-இல் கர்நாடகம் கபாபில் செயற்கை நிறத்துக்குத் தடை போட்டதே சோதனை முடிவுகளைப் பார்த்துத்தான்.

ஷவர்மாவில் கவனம் தேவை. பெரிய கறி உருண்டையின் வெளிப்புறம் வெந்திருக்கும், உள்ளே அரைவேக்காடாக மணிக்கணக்கில் நிற்கும். 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பிறகு ஒரு சிறுமி உயிரிழந்தாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது.

கறியைக் கழுவ வேண்டுமா?

கழுவுவதால் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் சாவதில்லை. குழாயடியில் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தக்காளியிலும் தட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நம் கடைகளில் வெட்டித் தரும் கறியில் ரத்தமும் இறகும் இருப்பதால் கழுவாமல் மனசு கேட்காது, புரிகிறது. அப்படியானால் குழாயைத் திறந்துவிடாமல், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, அந்த இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய கத்தியில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள்.

யார் குறைத்துக்கொள்ள வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவர் சொல்படிதான் வைத்துக்கொள்ள வேண்டும். யூரிக் அமிலம் கூடிக் கால் விரல் வீங்குகிறவர்கள் ஈரலையும் எலும்பு சூப்பையும் விட்டுவிட்டு, சதையை அளவோடு சாப்பிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில் ஊறிய நக்கெட்ஸ், சாசேஜ் வகைகளைத் தவிர்ப்பது நல்லது. ஆரோக்கியமான மற்றவர்களுக்குக் கோழி சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயம் தேவையில்லை.

பறவைக் காய்ச்சல் சமயத்தில் சாப்பிடலாமா?

70 டிகிரி செல்சியஸுக்கு மேல் முழுவதும் வெந்தால் அந்த வைரஸ் அழிந்துவிடும், கொதிக்கும் குழம்பு அதைத் தாண்டிவிடும். நோய் பரவிய பகுதியில் உயிர்க்கோழியையும் பச்சைக்கறியையும் கையாள்வதில்தான் ஆபத்து. செத்துக் கிடந்த கோழியை எந்தக் காலத்திலும் சமைக்கக் கூடாது.